எச்சரிக்கை யார் கடன்?

கோடை முற்றி, ஏரி வறண்டு, களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த ஒரு மாலை. வேங்கிக்கால் ஏரிக்கரையில் நாமும் தோழர்கள் நால்வரும் அமர்ந்திருந்தோம். மேற்கே மலை கருக்கத் தொடங்கியிருந்தது. வேலூர்ச் சாலையில் பேருந்துகள் இரைந்துகொண்டிருந்தன. எதிரே, நீரற்ற ஏரியின் நடுவிலே, பொறியியல் பயிலும் இளைஞன் ஒருவன், தெர்மோகோல் அட்டையை அறுத்து ஒட்டித் தானே செய்த சிறு விமானத்தைப் பறக்கவிட்டான்.

எழுந்தது விமானம், ஏறியது. இன்னும் ஏறட்டும் என்று இளைஞன் அதன் மூக்கை மேலும் நிமிர்த்தினான். ஒரு நொடி அது வானிலே திகைத்து நின்றது. மறுநொடி ஒரு சிறகு சரிந்தது, சுழன்றது, தலைகுப்புற வீழ்ந்தது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "கண்ணு பட்டுடுச்சு தம்பி" என்றார். நம் தோழர் ஒருவர், "எஞ்சினுக்கு வேகம் போதவில்லை" என்று தீர்ப்பளித்தார். உடைந்த சிறகைக் கையில் ஏந்தி வந்த இளைஞனோ, "கண்ணும் இல்லை, வேகமும் இல்லை ஐயா, கோணம். மூக்கை அளவுக்கு மீறித் தூக்கியது என் கைதான்" என்றான்.

ஊரார் கண்ணிலும் எஞ்சினிலும் குற்றம் தேடியோர் இருவர். தன் கையிலே தேடிக் கண்டவன் ஒருவன். அவனை அருகே அமர்த்திப் பேசினோம். என்றேனும் ஒருநாள் ஆள் ஏறிப் பறக்கும் விமானத்தையே சொந்தமாகக் கட்டவேண்டும் என்பது அவன் கனவு. பேச்சினிடையே அவன் கேட்ட கேள்வி ஒன்றுதான் இக்கட்டுரைக்குக் காரணம். "விழப்போகிறாய் என்று முன்கூட்டியே சொல்லும் கருவிகள் இருக்கின்றன ஐயா. ஆனால் சொந்தமாகக் கட்டும் விமானத்தில் அவற்றைப் பூட்டியே தீரவேண்டும் என்று அமெரிக்கச் சட்டம்கூடச் சொல்லவில்லை. நானே கட்டி, நானே பறந்து, நானே விழுந்தால், ஏன் பூட்டவில்லை என்று கேட்க எவருக்கு உரிமை?"

சிறுபிள்ளைக் கேள்வி அன்று. தன்னுரிமை பேசுவோர் அனைவரும் ஒருநாள் விடை சொல்லியாகவேண்டிய கேள்வி.

முதலில் அவன் சொன்ன கோணம் என்னவென்று காண்போம். ஓடும் பேருந்தின் சன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்க்காத சிறுவன் உண்டா? (நீட்டலாகாது, நாமும் நீட்டியவரே!) உள்ளங்கையைச் சற்றே நிமிர்த்தினால் காற்று கையை மேலே தூக்கும், இன்னும் நிமிர்த்தினால் இன்னும் தூக்கும். ஓர் எல்லை கடந்து நிமிர்த்தினாலோ, தூக்குவது நின்று பின்னுக்குத் தள்ளுவதே மிஞ்சும். சிறகின் கதையும் அதுவே. எதிர்வரும் காற்றுக்கும் சிறகுக்கும் இடையிலுள்ள கோணம் பெருகப் பெருகத் தூக்குவிசை பெருகும். பொதுவாகப் 15 முதல் 18 பாகை வரையில் அந்த எல்லை வந்துவிடுகிறது. அதைத் தாண்டினால், சிறகின் மேற்புறத்தைத் தழுவி ஓடிய காற்று பிய்த்துக்கொண்டு சிதறுகிறது, தூக்குவிசை சரிகிறது. இதற்குத்தான் 'ஸ்டால்' என்று பெயர். கார் எஞ்சின் நின்றுபோவதற்கும் அதே சொல் வழங்குவதால் பலர் மயங்குகின்றனர். எஞ்சின் முழங்கிக்கொண்டே இருக்கலாம், கைவிடுவது சிறகு!

வேகம் குறைந்தால்தான் ஸ்டால் வரும் என்பது பாதி உண்மை. பாதி உண்மையைப்போல் ஆளைக் கொல்வது வேறொன்றில்லை. நேராக, மட்டமாகப் பறக்கையில் 50 நாட் வேகத்தில் ஸ்டாலாகும் விமானம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உயரம் குறையாமல் 45 பாகை சாய்ந்து திரும்பினால், அதே விமானம் ஏறத்தாழ 60 நாட்டிலேயே கைவிட்டுவிடும். 60 பாகை சாய்ந்தால் 71 நாட்டில். ஆள் கூடினாலும் சுமை கூடினாலும் அந்த எண் மீண்டும் மாறும். மாறாதது எது? கோணம். வேகமானி காட்டுவது இடரின் நிழலை. கோணங்காட்டி காட்டுவது இடரையே. நிழல் நீளும், குறுகும். அதை அளந்துவிட்டு ஆளை அளந்ததாக எண்ணி இறுமாந்திருப்பது அறிவுடைமை ஆகுமா?

இறங்கும் பாதைக்கு விமானத்தைத் திருப்பும் கடைசி வளைவை நினைத்துப் பாருங்கள். உயரம் சில நூறு அடி. திரும்பியது போதவில்லை, ஓடுபாதை ஒதுங்கிப்போகிறது. விமானி இன்னும் சாய்க்கிறான், இயக்குத்தடியை இன்னும் இழுக்கிறான். வேகமானியின் முள் நேற்று நின்ற இடத்திலேயே நிற்கிறது. அவனுக்குத் தெரியாமல் கோணம் எல்லையைத் தொடுகிறது. அங்கே கைவிட்டால் மீட்டெடுக்க வானத்தில் இடமில்லை. கீழே இருப்பது தரை மட்டுமே.

இந்த இடரைச் சொல்லும் கருவிகள் விந்தையானவை, எளியவையும்கூட. செஸ்னா என்னும் சிறு விமானங்கள் பலவற்றின் இடச்சிறகு முகப்பில் ஒரு துளை இருக்கும். அதன் உள்ளே ஒரு சீவாளி. ஆம், நாதசுரத்தில் இருப்பதன் உறவுக்காரப் பொருளேதான்! கோணம் பெருகும்போது துளையின் வாயில் காற்றழுத்தம் குறையும்; உள்ளிருக்கும் காற்று சீவாளி வழியே உறிஞ்சப்படும்; விமானிக்கு ஊதல் ஒலி கேட்கும். மின்சாரம் வேண்டியதில்லை. பறப்பதற்குமுன் அத்துளையில் வாய் வைத்து உறிஞ்சி, ஊதுகிறதா என்று சோதிக்கும் வழக்கம் இன்றும் உண்டு. இன்னொரு வகையில், சிறகு முகப்பில் சிறு தகடொன்று துருத்திக்கொண்டிருக்கும். கோணம் மிகும்போது காற்று அதைக் கீழிருந்து மேலே தள்ளும், மின்தொடர்பு ஏற்படும், மணி அலறும். விமானம் ஒன்று இவ்வாறு கைவிட்டு வீழ்ந்ததைக் கண்ணால் கண்ட லெனார்ட் கிரீன் என்னும் அமெரிக்கர் உருவாக்கிய கருவி அது. அதற்கென்றே 1946-இல் அவர் ஒரு தொழிற்கூடத்தையும் தொடங்கினார். இவையிரண்டும் எல்லை நெருங்கும்போது கூவுபவை. கோணங்காட்டியோ எல்லைக்கு எவ்வளவு தொலைவு இருக்கிறது என்பதைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என ஒவ்வொரு நொடியும் காட்டிக்கொண்டே இருப்பது.

ஆலையில் செய்து விற்கும் சிறு விமானம், ஸ்டாலுக்குமுன் தெளிவான எச்சரிக்கை தந்தாகவேண்டும் என்பது அமெரிக்க விதி. உடல் நடுக்கத்தால் தந்தாலும் சரி, கருவியால் தந்தாலும் சரி. தன் கையால் கட்டுபவனை அவ்விதி கட்டுப்படுத்தாது. அதன் விளைவு என்ன? கருவியின்மை ஒன்றே காரணம் என்று நாம் கூறமாட்டோம். ஆயினும் அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். சொந்தக் கட்டு விமானங்கள் அங்குள்ள சிறு விமானங்களில் 10 விழுக்காடுதான். 2011-இல் உயிர்ப்பலி கொண்ட விபத்துகளிலோ அவற்றின் பங்கு 21 விழுக்காடு. பறக்கையில் கட்டுப்பாட்டை இழப்பது முதன்மைக் காரணங்களுள் ஒன்று என்றும் அவ்வாய்வு காட்டிற்று.

சொந்தமாக விமானம் கட்டுவதை நாம் இகழவில்லை. அது நம் மண்ணுக்குப் புதிதும் அன்று. சென்னை மவுண்ட் ரோட்டில் உணவுவிடுதி நடத்திய டி ஏஞ்செலிஸ் என்பவர், சிம்ப்சன் தொழிற்கூடத்தின் துணையோடு ஒரு விமானத்தைக் கட்டி 1910 மார்ச்சில் பறந்து காட்டினார். ரைட் உடன்பிறப்புகள் பறந்து அப்போது ஏழாண்டுகூட நிறையவில்லை! அதற்கு நூறாண்டுகள் கழித்து, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து சஜி தாமஸ் தம் கையால் கட்டிய விமானம், 2014-இல் நம் திருநெல்வேலிச் சீமையின் மணிமுத்தாற்றில் பறந்தது. ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி ஒருவர் அதை ஓட்டிக்காட்டினார். சஜி தாமஸ் பிறவியிலேயே செவிப்புலனும் பேச்சும் அமையப்பெறாதவர். கல்லூரிப் பட்டமோ செல்வக் குடும்பமோ அவருக்கு இல்லை. வானம் வசதி படைத்தோரின் பட்டா நிலமன்று என்பதை வாய் திறவாமலேயே சொன்னவர் அவர்.

இங்கே ஒன்று எண்ணத் தோன்றுகிறது. ஊதலைக் கேட்கவியலாத ஒருவர் விமானியானால் அவருக்கு எச்சரிக்கை எது? கண்ணுக்குத் தெரியும் ஒளி. கைக்குத் தெரியும் அதிர்வு. பெரிய விமானங்கள் பலவற்றில் இயக்குத்தடியே கிடுகிடுவென நடுங்கி விமானியின் உள்ளங்கையை உலுக்குகிறது. ஆகவே, ஒலித்துவிட்டோம் என்பதோடு எச்சரிப்பவன் கடமை தீர்ந்துவிடுவதில்லை. கேட்பவனுக்கு எட்டிற்றா என்பதே அளவுகோல்.

கருவி வேண்டாம் என்போரின் வாதத்தையும் கேட்போம். அவர்கள் அறிவிலிகள் அல்லர். "நல்ல விமானிக்கு விமானமே பேசும். இயக்குத்தடி தளரும், உடல் நடுங்கும், காற்றின் ஓசை மாறும். கருவியை நம்பியவன் இவற்றைக் கேட்க மறந்துவிடுவான்" என்கின்றனர். இதில் உண்மை உண்டு. ஆனால் எல்லாச் சிறகும் ஒரேபோல் பேசுவதில்லை. சில வடிவங்கள் நெடுநேரம் முனகிவிட்டுக் கைவிடுகின்றன. சில, முனகலே இன்றிக் கைவிடுகின்றன. ஓராயிரம் விமானங்கள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டிருந்தால், ஆயிரம் பேர் பட்டறிவு ஒருவனுக்கு உதவும். தன் கையால் கட்டியவனது விமானமோ உலகில் அது ஒன்றே. அதன் மொழியை அவனுக்குமுன் கற்றவர் எவருமில்லை. பழகிய பெரு ஆலை விமானத்துக்கே கருவி வேண்டும் என்றால், எவரும் பழகாத விமானத்துக்கு அன்றோ அது முதலில் வேண்டும்?

தன் படைப்பின்மீது ஒருவன் கொள்ளும் நம்பிக்கைக்கு என்ன விலை என்பதற்கு 1930-களின் கதை ஒன்று உண்டு. பிரான்சு நாட்டு ஹென்றி மின்யே, எளிய மக்களும் கொட்டகையில் வைத்துக் கட்டக்கூடிய விமானம் ஒன்றை உருவாக்கி 1933-இல் பறந்தார். செய்முறையை 1934-இல் நூலாகவும் வெளியிட்டார். 'வானத்துப் பேன்' என்பது அதற்கு அவர் இட்ட பெயர். ஆங்கிலேயர் 'பறக்கும் தெள்ளு' என்றனர். பெயர்தான் அற்பம், நோக்கம் அற்புதம். தொழிலாளியும் எழுத்தரும் மோட்டார் சைக்கிள் எஞ்சினை வாங்கி மாட்டிக்கொண்டு வானேறலாம் என்ற ஆசையில் எத்தனையோ ஊர்களில் சுத்தியல் ஓசை கேட்டது. ஸ்டாலே வராத விமானம் என்பதுதான் அதன் சிறப்பாகப் பேசப்பட்டது. பிறகு சாவுகள் தொடர்ந்தன. முழு அளவு விமானத்தையே காற்றுச் சுரங்கத்தில் ஏற்றி இங்கிலாந்திலும் பிரான்சிலும் ஆய்ந்தபோது உண்மை வெளிவந்தது. மூக்கு ஓர் அளவுக்குமேல் தாழ்ந்துவிட்டால் முன்சிறகும் பின்சிறகும் ஒன்றன் காற்றை ஒன்று கெடுத்து, எவ்வளவு இழுத்தாலும் நிமிராத பாய்ச்சலில் விமானத்தைத் தள்ளிவிடும்! மின்யே பொய்யர் அல்லர். தம் விமானத்தைத் தாமே ஓட்டியவர்தாம். ஆயினும் அவருடைய நேர்மை அளவுகருவியின் வேலையைச் செய்யவில்லை. வடிவத்தைத் திருத்தி, அவர் பின்னரும் விமானங்கள் படைத்தார் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

இனி, இளைஞனின் கேள்விக்கு வருவோம். என் உயிர், என் உரிமை! மறுக்கிறோமா? இல்லை. மலையேறாதே, கடலில் இறங்காதே, வானில் பறக்காதே என்று ஆணையிடுவோர் கூட்டத்தில் நாம் இல்லை. ஆனால் எச்சரிக்கை வேறு, தடை வேறு. தடை கையைப் பிடிக்கிறது. எச்சரிக்கை கண்ணைத் திறக்கிறது. ஊதல் ஒலித்த பிறகும் இழுத்துக்கொண்டே இருக்க விமானிக்கு உரிமை இருக்கிறது. எந்தச் சீவாளியும் அவன் கையைப் பற்றப்போவதில்லை. தடையை மறுப்பவன் தன் உரிமையைக் காப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம். எச்சரிக்கையை மறுப்பவன் எதைக் காக்கிறான்? அந்தக் கடைசி வளைவில் வீழ்ந்தவன் வீழ்ச்சியைத் தேர்ந்தெடுத்தானா? இல்லையே! ஓடுபாதையை அன்றோ அவன் தேர்ந்தெடுத்தான். அறியாமல் நேர்ந்ததற்கு உரிமை என்று பெயர் சூட்டுவது உரிமைக்கு இழுக்கு.

பின்னிருக்கையில் அமரும் ஒருவரையும் மறந்துவிடலாகாது. கட்டி முடித்தவன் முதலில் யாரை ஏற்றிச் செல்வான்? மனைவியை, மகளை, ஆண்டுக்கணக்காகத் திருகாணி எடுத்துக் கொடுத்த நண்பனை. அமெரிக்காவில் இத்தகைய விமானங்களில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கவேண்டும்: இது தனியார் கட்டியது, வழக்கமான விமானங்களுக்குரிய பாதுகாப்பு விதிகளுக்கு உட்படாதது என்று. கருவி கட்டாயமில்லை என்ற அதே சட்டம், பயணியை எச்சரிப்பது கட்டாயம் என்கிறது! நல்லதுதான். ஆனால் அந்த அறிவிப்பைப் படிப்பவர் தரையில் இருக்கிறார். இடர் வருவதோ ஐந்நூறு அடி உயரத்தில். அங்கே அவர் இறங்கிக்கொள்ளவும் முடியாது. அறிவிப்பு மறுபடி பேசவும் பேசாது.

கருவியைப் பூட்டிவிட்டால் கடன் தீர்ந்ததா? அதுவும் இல்லை. பெருவிமானங்களின் கதை இரண்டு இதற்குச் சான்று. 2009 சூன் 1 அன்று, ரியோவிலிருந்து பாரிசுக்குச் சென்ற ஏர் பிரான்சு விமானம் அட்லாண்டிக்கில் வீழ்ந்து 228 பேர் மாண்டனர். வேகமானியின் குழாய்கள் பனியால் அடைபட்டுச் சிறிது நேரம் பொய் சொல்லின. குழம்பிய துணைவிமானி மூக்கை நிமிர்த்தினார். ஸ்டால் எச்சரிக்கை 54 நொடிகள் இடைவிடாது ஒலித்தது. விமானிகள் அதைப்பற்றி ஒரு சொல்லும் பேசிக்கொள்ளவில்லை. பிறகு ஒலி நின்றது. ஏன் நின்றது? இடர் தீர்ந்தா? இல்லை, மிகுந்து! காட்டப்பட்ட வேகம் 60 நாட்டுக்கும் கீழே போய்விட்டதால், கோண அளவுகளை நம்பத்தகாதவை என்று கணினி ஒதுக்கிவிட்டது. மூக்கைத் தாழ்த்தினால், அதாவது சரியானதைச் செய்தால், அளவு மீண்டும் செல்லுபடியாகி ஊதல் அலறிற்று. மறுபடி நிமிர்த்தினால் அமைதி. தவற்றுக்கு அமைதியும் திருத்தத்துக்குக் கூச்சலும் பரிசாகக் கிடைத்தால் மனித மனம் எந்தப் பக்கம் சாயும்? கோணத்தை நேரே காட்டும் முள் ஒன்றும் அவர்கள் கண்முன் இல்லை. விமானி அறையில் அது வேண்டுமா என்று ஆராயும்படி பிரெஞ்சு ஆய்வுக்குழு பிற்பாடு பரிந்துரைத்தது.

இரண்டாவது கதை இன்னும் கொடிது. போயிங் 737 மாக்ஸ் விமானங்கள் 2018 அக்டோபரில் இந்தோனேசியாவிலும் 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் வீழ்ந்தன; 189 பேரும் 157 பேரும் மாண்டனர். மூக்கு அளவுமீறி நிமிர்ந்தால் தானே தாழ்த்தும் அமைப்பொன்று அவற்றில் இருந்தது. அது ஒரே ஒரு கோண உணரியை நம்பி இயங்கிற்று. இந்தோனேசிய விமானத்தில் அந்த உணரி 21 பாகை தவறாகக் காட்டியது. அப்படியோர் அமைப்பு இருப்பதே விமானிகளின் கையேட்டில் சொல்லப்படவில்லை. இரண்டு உணரிகளும் முரண்படுகின்றன என்று அறிவிக்கும் எச்சரிக்கையோ, விருப்பப்பட்டுத் தனியே விலை கொடுத்துக் கோணங்காட்டி வாங்கிய நிறுவனங்களின் விமானங்களில் மட்டுமே வேலை செய்தது! வீழ்ந்த இரண்டிலும் கோணங்காட்டி இல்லை. சொல்லவேண்டியதைச் சொல்லாமல், கையிலிருந்த இயக்கத்தை மட்டும் பறித்துக்கொண்டது பொறி. எச்சரிக்கைக்கும் அடக்குமுறைக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாக எடுத்துக்காட்ட நம்மால் இயலாது.

பெரியவர்கள் செய்த பிழை சிறியவர்க்கு ஏன் என்று கேட்கலாம். கொட்டகையில் கட்டுபவனுக்கும் அதே இரண்டு சோதனை உண்டு. கோணங்காட்டியை வாங்கிப் பூட்டியதும் அது உண்மை பேசாது. அவன்தான் அதற்கு உண்மையைக் கற்பிக்கவேண்டும். பல ஆயிரம் அடி உயரம் ஏறி, வேண்டுமென்றே விமானத்தை ஸ்டாலுக்குக் கொண்டுபோய், அது கைவிடும் புள்ளியைக் குறித்து, அதற்கேற்பக் கருவியைத் திருத்தவேண்டும். இறக்கைத் தட்டிகளை இறக்கியும் ஏற்றியும் திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். சலிப்பான வேலை, சற்று அச்சமூட்டும் வேலையும்கூட. இதைச் செய்யாமல் கருவியைப் பூட்டியவன் தாயத்துக் கட்டியவனுக்கு எவ்வகையில் மேலானவன்? தாயத்தாவது பச்சை விளக்கைக் காட்டி ஏமாற்றுவதில்லை!

ஒன்று மட்டும் இளைஞனுக்கு மகிழ்வோடு சொன்னோம். பூட்டவேண்டாம் என்று சட்டம் விட்டுவைத்த அதே உரிமை, எவரிடமும் முத்திரை பெறாமல் பூட்டிக்கொள்ளும் உரிமையும் ஆகும். ஆலை விமானங்களில் கோணங்காட்டி பொருத்தும் விதிகளை அமெரிக்கா 2014-இல்தான் எளிதாக்கிற்று. அதற்கு நெடுநாள் முன்பே, சொந்தமாகக் கட்டுவோர் பலர் தம் கொட்டகைகளில் அதைப் பூட்டிப் பறந்துகொண்டிருந்தனர். கட்டாயமில்லாத இடத்தில் கடமையைக் கண்டவர்கள் அவர்கள்.

அவன் உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை. "விலை அதிகம் ஐயா" என்றான். நியாயம்தான். வறுமைக்கு நாம் என்ன விடை சொல்ல? கிளைடர் ஓட்டுவோர் சிலர் விமானக் கூண்டின் பக்கவாட்டில் ஒரு நூல்துண்டை ஒட்டி, அது காற்றில் சாயும் அளவைக்கொண்டே கோணத்தை அறிகின்றனர் என்றோம். சிரித்தான். நம்பவில்லை என்றே நினைத்தோம்.

அடுத்த ஞாயிறு ஏரிக்கரைக்குச் சென்றபோது அவன் முன்பே வந்திருந்தான். சிறகு ஒட்டப்பட்டிருந்தது. அதன் மேற்பரப்பில் கம்பளி நூல்துண்டுகள் வரிசை வரிசையாக. வாலில் அவற்றை நோக்கியபடி விரலளவு ஒளிப்படக் கருவி.

"இந்த நூலெல்லாம் எதுக்கு தம்பி?" என்று கேட்டார் ஆடு மேய்க்கும் பெரியவர்.

"காத்து எப்போ கைவிடும்னு காட்டும் தாத்தா."

பெரியவர் விமானத்தை ஒருமுறை பார்த்தார். வானத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு கோலை எடுத்துத் தம் ஆடுகளை அப்பால் ஓட்டிச் சென்றார்.